கியர் ஆயிலில் பொன் துகள்

அரசாங்க வண்டியொன்றை இனி ஓடத் தகுதியற்றது என்று அறிவிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஓட்டுநர் எழுதிக் கொடுக்க வேண்டும். ஓட்டுநர் எழுதியதை அலுவலர் நம்பக் கூடாது. பொறியாளர் வந்து பார்க்க வேண்டும். பொறியாளர் பார்த்ததை மேலிடம் நம்பக் கூடாது. குழு அமைக்க வேண்டும். குழு வந்து சேரும்போது வண்டி உண்மையிலேயே ஓடத் தகுதியற்றதாகிவிட்டிருக்கும் என்பதால், எனக்குத் தெரிந்து எந்தக் குழுவின் முடிவும் தவறியதில்லை. என் பணிக்காலத்தின் பெரும்பகுதி இப்படிப்பட்ட கோப்புகளோடுதான் கழிந்தது. ஆனால் ஒரு ஜீப்பின் பின் அச்சில் என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கும் நடைமுறையை நான் அலுவலகத்தில் கற்கவில்லை. பத்து வயதில், ஆரணியில், என் தாய்மாமாவுக்குப் பெண் கிடைக்குமா கிடைக்காதா என்று வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த எட்டு நாளில் கற்றேன்.

எழுபதுகளின் கடைசி அது. அப்பா பட்டு நெசவு செய்விப்பவர். பாவும் பட்டும் ஜரிகையும் வாங்கி, சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுத் தறி வைத்திருப்பவர்களுக்குக் கொடுத்து, சேலையாகத் திரும்ப வாங்குவார். கொடுப்பதும் வாங்குவதும் அம்மாவின் தம்பியான மாமாவின் வேலை. அவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார். பக்கத்து முள்ளிப்பட்டுக்குச் சைக்கிளே போதும். ஆனால் தறிகள் ஏரிக்கரைகளுக்கு அப்பாலும் ஆற்று மணலுக்கு அக்கரையிலும் இருந்தன. அதற்காக மாமா ஏலத்தில் ஒரு பழைய ஜீப் எடுத்தார். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி. பிற்காலத்து என்னைப் போன்ற யாரோ ஒரு குமாஸ்தா, உரிய படிகள் எல்லாவற்றையும் கடந்து, கழித்துக் கட்டிய வண்டி. அதோடு அட்டை கிழிந்த ஓர் ஆங்கிலக் கையேடும் இலவசமாக வந்தது. மாமா அந்தக் கையேட்டைச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுக்கப் பயன்படுத்தினார்.

மாமா அதுவரை ஒன்பது பெண்களை வேண்டாம் என்றிருந்தார். ஒருத்தி உயரம், ஒருத்தி குள்ளம், ஒருத்தி வீட்டில் நாய் இருந்தது. பத்தாவதாகத் தரகர் ஒரு பெயரைக் கொண்டுவந்தார். பெரணமல்லூர்ப் பெண், அம்மாவும் மகளும் எங்களிடம் ஜரிகை வாங்கி வீட்டில் நெய்கிறவர்கள், அப்பா பட்டாளத்தில் வண்டி பழுதுபார்த்து ஓய்வுபெற்று ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தரகர் முடிப்பதற்குள் மாமா, “சரி, பேசுங்க” என்றார். ஜாதகம்கூடக் கேட்கவில்லை. அப்பா பஞ்சாங்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, குரு இடம் மாறியிருப்பதுதான் காரணம் என்று சொன்னார். நானும் குருவுக்கு நன்றி சொன்னேன். கல்யாணம் என்றால் எனக்குப் பாவாடை சட்டை உண்டு.

பெண்ணின் அப்பா வீடு பார்க்க வந்தார். எங்கள் பக்கத்து வழக்கப்படி, சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். அதனால் அவருடைய வாய்க்கு அன்று வேறு வேலை இல்லை. மாமா பஸ் நிலையத்துக்குப் போய் அவரை ஜீப்பில் ஏற்றிவந்தார். மனிதர் இறங்கினார். வீட்டைப் பார்க்கவில்லை. நேரே வண்டியின் பின்பக்கம் போய்க் குந்தி உட்கார்ந்து, அச்சின் நடுவில் தர்பூசணி அளவுக்குப் புடைத்திருந்த இரும்பு உருண்டையைத் தொட்டுவிட்டுக் கையை உதறினார். பிறகுதான் உள்ளே வந்தார்.

அப்பா தறிக் கணக்கு, உறவு முறை, குலதெய்வம் எல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர் கேட்பதுபோல் இருந்துவிட்டு, மாமாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“தம்பி, வண்டியில அந்த சத்தம் எத்தினி நாளா கீது?”

“எந்த சத்தங்க?” என்றார் மாமா.

அப்பாவியாகத்தான் கேட்டார். அங்கேதான் கெட்டது. மிலிட்டரிக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார்.

“சத்தம் வர்ற வண்டிய ஓட்டறது தப்பு இல்லீங்க. நான் இருவத்தஞ்சி வருசம் அந்த மாதிரி வண்டிதான் ஓட்னேன். சத்தமே காதுல உழாதவன் கையில எங்க ஆபீசர் ஸ்பேனரகூட குடுக்க மாட்டாரு. நான் பொண்ண எப்பிடிங்க குடுக்கறது?”

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா பதறி, “நாளைக்கே பட்டறையில உட்டு சரி பண்ணிடறோங்க” என்றார்.

“சரி பண்ண வேணாங்க. இன்னா கோளாறுன்னு தம்பியே கண்டுபுடிச்சி வந்து சொல்லட்டும். பட்டறைக்குப் போவக் கூடாது. ஆடி பொறக்க எட்டு நாள் கீது. அதுக்குள்ள வந்தா மேல பேசலாம்.”

ஆடியில் யாரும் கல்யாணப் பேச்சு எடுப்பதில்லை. ஆவணிக்குள் அந்த வீட்டில் வேறு ஒரு வரன், பாங்கில் வேலை பார்க்கும் வரன், நுழைந்துவிடும் என்று தரகர் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனார். தரகர்கள் எல்லாவற்றையும் போகிற போக்கில்தான் சொல்வார்கள். மாமா அன்று பகல் சாப்பிடவில்லை. ஒன்பது பெண்களை அலட்சியமாகத் தள்ளியவர் பத்தாவது பெண்ணுக்காக ஏன் இப்படி வாடுகிறார் என்று எங்கள் வீட்டில் யாருக்கும் விளங்கவில்லை. எங்கள் பின்கட்டுத் தறியில் நெய்துகொண்டிருந்த ஒருவர் மட்டும் கட்டையை இழுத்தபடியே, “இன்னா மச்சான், மாப்புள பாக்க வந்தவரு வண்டிய பாத்துட்டு பூட்டாராமே? ஜாதகம் யாருக்கு எழுதணும், உனக்கா ஜீப்புக்கா?” என்று கேட்டார். மாமா அவருக்கு இரண்டு நாள் ஜரிகை கொடுக்கவில்லை.

சாயங்காலம் என்னிடம் வந்தார்.

“ஏய், உனக்கு அந்த சத்தம் கேக்குதா?”

“கேக்குதே மாமா. உம்ம்ம்னு. தார் ரோட்டுல ஏறினதும் கேக்கும்.”

“ஏன்டி சொல்லல?”

“வண்டின்னா அப்பிடித்தான் கத்தும்னு நெனச்சேன்.”

மாமா என்னை ஒரு கணம் மரியாதையோடு பார்த்தார். அந்தப் பார்வைக்காக நான் பிறகு வந்த ஒவ்வொரு நாளும் உழைத்தேன்.

கையேடு சக்கரத்தின் கீழிருந்து மீட்கப்பட்டது. வீட்டில் ஆங்கிலம் படிப்பவள் நான் ஒருத்திதான். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தேன். அதன்படி, டிஃபரன்ஷியல் என்ற அந்த இரும்பு உருண்டைக்குள் ஒரு பெரிய பல்சக்கரமும், அதைச் சுழற்றும் ஒரு சின்னப் பல்சக்கரமும் இருக்கின்றன. எஞ்சினிலிருந்து வரும் நீளத் தண்டு சின்னதைச் சுற்றும், சின்னது பெரியதைச் சுற்றும், பெரியது இரண்டு பின் சக்கரங்களையும் சுற்றும். வண்டி வளையும்போது ஒரு சக்கரம் வேகமாகவும் மற்றது மெதுவாகவும் போக விட்டுக்கொடுப்பதும் இந்த உருண்டையின் வேலைதான். கூட்டுக் குடும்பத்தில் பெரிய மருமகள் செய்வது மாதிரி என்று நான் மாமாவுக்கு விளக்கினேன். அது கையேட்டில் இல்லை.

சத்தத்தை எப்போது கேட்கிறது, எப்போது கேட்கவில்லை என்று குறித்துக்கொள்ள வேண்டும் என்று கையேடு சொன்னது. நான் ஒரு நோட்டில் நான்கு பத்தி கோடு போட்டேன்: இடம், வேகம், சத்தம், குறிப்பு. வாழ்க்கையில் நான் போட்ட முதல் படிவம் அது. ஜீப்பின் பின்பக்கத் தகரத்தில் குப்புறப் படுத்து, காதைத் தகரத்தில் வைத்துக்கொள்வேன். மாமா ஓட்டியபடியே, “இப்போ?” என்று கத்துவார். “உம்ம்!” என்று கத்துவேன். “இப்போ?” “இல்ல!” “கால எடுத்துட்டேன், இப்போ?” “வேற மாதிரி, கொஞ்சம் அழற மாதிரி!” ஆற்று மணலில் சத்தம் இல்லை. ஏரிக்கரையில் இல்லை. தார் ரோட்டில் வேகமானியின் முள் இருபதைத் தாண்டியதும் ஆரம்பம். மிதித்தால் உம்ம். காலை எடுத்தால் அழுகை. ஊர் எல்லையில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் எங்கள் உம்ம்களைக் கேட்டுச் சிரித்தார்கள். ஒரு காதில் தகரத்தின் சூடு, வாயில் புழுதி, கண்ணை மூடினால் உலகம் முழுவதும் ஒரே ஒரு உம்ம். அதைப் போல் மகிழ்ச்சியான அலுவலகப் பணி எனக்குப் பிறகு வாய்க்கவில்லை.

நான்காம் நாள் கையேட்டில் அடுத்த கட்டத்துக்கு வந்தேன். உருண்டையின் அடியில் உள்ள திருகைக் கழற்றி, எண்ணெயை வடித்து, அதில் உலோகத் தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கருந்தூள் காந்தத்தில் ஒட்டினால் பற்கள் தேய்கின்றன. பொன்னிறத் துகள் தெரிந்து, அது காந்தத்தில் ஒட்டாமலிருந்தால், உள்ளே இருக்கும் பித்தளை வளையங்கள் தேய்ந்துவிட்டன. நான் அகராதியில் இரண்டு தடவை சரிபார்த்தேன்.

எண்ணெய் தாரைப் போல் கருப்பாக, கொழகொழவென்று தகர டப்பாவில் இறங்கியது. வர வேண்டியதில் பாதிதான் வந்தது. மீதி எங்கே போயிற்று என்று நாங்கள் கேட்டுக்கொள்ளவில்லை. கையேட்டில் அந்தக் கேள்வி வேறொரு பக்கத்தில் இருந்தது. தூளைப் பார்க்க எண்ணெயை வடிகட்ட வேண்டும். மாமா அம்மாவிடம் நல்ல நெருக்கமான துணியாகக் கேட்டார். எங்கள் வீட்டில் சோற்றுக்குப் பஞ்சம் வரலாம், துணித் துண்டுக்கு வராது. தறியில் அறுத்தெடுத்த முனைத் துண்டு ஒன்றை அம்மா தூக்கிப் போட்டாள். சுத்தப் பட்டு. “பட்டு வடிகட்டினா தூசிகூடத் தப்பாது” என்று மாமா பெருமையாகச் சொன்னார். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வடித்தோம், பிழிந்தோம், முறுக்கினோம்.

துணியைப் பிரித்தபோது கருப்புக் குழம்பின் நடுவே பொன்னிறத் துகள்கள் மின்னின.

நான் கீச்சென்று கத்தினேன். பள்ளிக்கூடக் காந்தத்தை எடுத்துவந்து வைத்துப் பார்த்தோம். கருங்குழம்பு கொஞ்சம் ஒட்டியது. பொன் ஒட்டவில்லை. மறுபடி வைத்தோம். ஒட்டவே இல்லை. கையேடு சொன்னது சொன்னபடி நடந்தது. அப்பா வந்து பார்த்து, கண்ணாடியைத் தூக்கி விட்டுக்கொண்டு, “பித்தளதான்” என்று சான்றளித்தார். தறிக்காரர்கள் வந்து பார்த்து, “ஆமா, பித்தள” என்றார்கள். அம்மா சூடம் ஏற்றினாள். துகள்களைத் துணியிலிருந்து வழித்து, கொஞ்சம் எண்ணெயோடு ஒரு தலைத்தைலப் புட்டியில் அடைத்து, சாட்சியமாக வைத்துக்கொண்டோம். மாமா என்னைத் தூக்கித் தோளில் உட்காரவைத்துத் தெருவில் நடந்தார். நான் புட்டியை உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். தெருவில் பலர் யாருக்குக் கல்யாணம் என்று கேட்டார்கள்.

ஆடிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, புது எண்ணெய் ஊற்றிக்கொண்டு பெரணமல்லூருக்குப் புறப்பட்டோம். அப்பா முன்னால், அம்மா பூப்பழத் தட்டோடு பின்னால், நான் நோட்டோடும் புட்டியோடும். வழி நெடுக வண்டி உம்ம் என்றுதான் வந்தது. அது வெட்கமே இல்லாத வண்டி.

பெண் வீட்டில் பாய் விரித்திருந்தார்கள். மாமா வெள்ளை வேட்டியும் மணிக்கட்டுவரை பொத்தான் போட்ட வெள்ளைச் சட்டையுமாகப் பவ்வியமாக உட்கார்ந்தார். மிலிட்டரிக்காரர் நேரே விஷயத்துக்கு வந்தார்.

“சொல்லுங்க தம்பி.”

“டிஃபரன்ஷியல்ல பித்தள வாஷர் தேஞ்சி பூட்ச்சிங்க,” என்றார் மாமா, மனப்பாடம் செய்ததை ஒப்பிக்கும் குரலில். “ஆயில்ல தூளு தூளா உழுந்து கீது. காந்தத்துல வெச்சிப் பாத்தோம், ஒட்டல. கொண்டாந்துகிறோம்.”

நான் எழுந்து புட்டியை நீட்டினேன். மிலிட்டரிக்காரர் வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் ஏதோ இளகுகிற மாதிரி இருந்தது. அம்மா என் தொடையைக் கிள்ளினாள், சந்தோஷத்தில்.

அந்த நேரம் பெண் காபித் தட்டோடு வந்தாள். ஊதா நிறச் சேலை. எல்லாப் பெண்களையும்போல் தலை குனிந்துதான் வந்தாள். தட்டைக் கீழே வைத்துவிட்டு நிமிரும்போது, தன் அப்பாவின் கையிலிருந்த புட்டியைப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளால் தலையைக் குனிய முடியவில்லை.

“இத குடு நைனா,” என்றாள். மூடியைத் திறந்து, சுண்டுவிரலை விட்டு ஒரு துகளை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, நகத்தால் கீறினாள். பிறகு மாமாவைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“ஏன்மா, பித்தளைக்கு உள்ள செகப்பு நூலு இருக்குமா?”

அவள் விரல் நுனியில் மயிரிழைபோல் ஒரு சிவப்புப் பட்டிழை நின்றது.

ஜரிகை. சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளித் தகட்டைச் சுற்றிப் பொன்முலாம் பூசினால் ஜரிகை. கீறிப் பார்த்துச் சிவப்பு தெரிகிறதா என்று சோதிப்பது ஆரணியில் குழந்தைகளுக்கும் தெரியும். அப்பா ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை செய்கிற சோதனை அது. அம்மா தூக்கிப் போட்ட துண்டில் கரை இருந்திருக்கிறது. நாங்கள் முறுக்கிப் பிழிந்ததில் கரை உதிர்ந்திருக்கிறது. ஜரிகையிலேயே பிறந்து ஜரிகையிலேயே சாப்பிடும் ஒரு வீடு முழுவதும், தறிக்காரர்கள் உட்பட, கையேடு பித்தளை என்று சொல்லிவிட்டதால் பித்தளை என்று கையெழுத்துப் போட்டது. பிற்காலத்தில் எத்தனையோ குழு அறிக்கைகளைப் படித்தேன். அவற்றில் எதுவும் எனக்கு அதிர்ச்சி தரவில்லை.

அப்பா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். மாமாவின் காது மடல் ஜரிகை நூலைவிடச் சிவந்தது. நான் அழத் தயாரானேன். அப்போதுதான் மிலிட்டரிக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு பாய். “ஆயில பட்டுல வடிகட்டினீங்களாய்யா! ஜெனரல் வண்டிக்குக்கூட காடாத் துணிதான்யா!” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் மனைவி உள்ளே சிரித்தாள். பெண் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கடைசியில் அம்மாவே சிரித்துவிட்டாள்.

மாமா மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து நின்றார்.

“தப்பு பண்ணிட்டேங்க. எனக்கு தெரியல. தெரியாததத் தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன். நீங்க கத்துக்குடுத்தா இங்கயே இப்பவே பாத்துடறேன். அப்பறம் போவச் சொன்னா பூடறேன்.”

மிலிட்டரிக்காரர் சிரிப்பை நிறுத்தினார். என் கையிலிருந்த நோட்டைக் கவனித்து வாங்கிப் புரட்டினார். நான்கு பத்தியையும் விரல் வைத்துப் படித்தார். “மிதிச்சா ஒரு சத்தம், எடுத்தா ஒரு சத்தம். இத யாரு எழுதினது?” என்றார். நான் என்றேன். “உங்க வூட்ல காது இருக்கறது ஒருத்திக்குத்தான்” என்றார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டினார். “வாங்க தம்பி. ஜல்தி.”

தெருவே கூடிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் வண்டிக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டிருப்பதை அந்த ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. முன் சக்கரங்களுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்து, பின் அச்சை ஜாக்கியால் தூக்கி, அடியில் மரக்கட்டைகளை அடுக்கினார். நீளத் தண்டில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, மாமாவைக் கையால் முன்னும் பின்னும் திருகச் சொன்னார். தண்டு திரும்பியது, சக்கரம் திரும்பவில்லை. இரண்டு விரற்கடை தூரம் தண்டு சும்மாவே ஆடிவிட்டுப் பிறகுதான் சக்கரம் அசைந்தது. “பல்லுக்கும் பல்லுக்கும் நடுவுல அத்தினி சந்து.” அடுத்து, தண்டு உருண்டைக்குள் நுழையும் இடத்தைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டச் சொன்னார். ஆடியது. அந்த இடம் முழுக்க எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருந்தது. வராமல் போன பாதி எண்ணெய் அங்கே இருந்தது.

“இப்போ காதுல கேக்கணும். கேட்டாத்தான் நம்புவேன்.” உள்ளேயிருந்து உலக்கையை எடுத்துவரச் சொன்னார். நல்ல காரியத்துக்கு வந்த இடத்தில் உலக்கையா என்று அம்மா முகம் சுளித்தாள். அதன் ஒரு முனை இரும்பு உருண்டையில், மறு முனை மாமாவின் காதில். எஞ்சினை ஓடவிட்டு, யாராவது ஏறி உட்கார்ந்து முன் கியரும் ரிவர்ஸ் கியரும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். திசை மாறும்போது உள்ளே என்ன கேட்கிறது என்று மாமா சொல்ல வேண்டும்.

அந்த ஜீப்பின் ரிவர்ஸ் கியரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். அது லேசில் விழாது. குச்சியை இடப்பக்கம் கடைசிவரை தள்ளி, ஓர் இமைப்பொழுது கையை விட்டுவிட்டு, உள்ளங்கையின் அடியால் ஓங்கி ஒரு தட்டுத் தட்ட வேண்டும். தட்டு முந்தினாலும் பிந்தினாலும் கர்ரென்று சீறும். எங்கள் தெருவில் மாமாவைத் தவிர யாருக்கும் அது விழுந்ததில்லை. நான் வண்டி நிற்கும்போதெல்லாம் இரகசியமாக முயன்று பார்த்திருக்கிறேன்.

முதலில் தெருவிலிருந்த ஒரு லாரி கிளீனர் ஏறினார். முன் கியர் விழுந்தது. ரிவர்ஸ் சீறியது. “எறங்குடா” என்று மிலிட்டரிக்காரரே ஏறினார். இருபத்தைந்து வருடப் பழக்கம். கர்ர் என்றது. இன்னொரு தடவை. கர்ர்ர். “இது இன்னாடா பேஜாரா கீது” என்று இறங்கினார்.

“நான் வேணா ஒக்காரட்டுமா நைனா?” என்றாள் பெண். உலக்கை கொடுக்க வந்தவள் வாசலிலேயே நின்றிருந்தாள்.

“உனக்கு இன்னாமா தெரியும்? சரி, ஏறு, சும்மா சொல்றத செய்யி. எடது கால் அடியில கீறது கிளச்சு. அத மிதிச்சிட்டு...”

அவர் சொல்லி முடிக்கவில்லை. அவள் ஊதாச் சேலையைக் கணுக்காலுக்கு மேல் ஒரு கையால் ஒதுக்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். முன் கியர். பின் சக்கரங்கள் காற்றில் சுழன்றன. நிறுத்தினாள். குச்சியை இடப்பக்கம் தள்ளினாள், கையை விட்டாள், உள்ளங்கையால் ஒரு தட்டு. விழுந்தது. டொக் என்று உருண்டைக்குள் ஒரு சத்தம் எங்களுக்கே கேட்டது. மறுபடி முன். மறுபடி ரிவர்ஸ். தட்டு. டொக். ஒரு தடவைகூடச் சீறவில்லை.

மிலிட்டரிக்காரர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். சக்கரத்தைப் பார்க்காமல் நிமிர்ந்து மகளின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமா உலக்கையைக் காதில் வைத்தபடி கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தார். எவ்வளவு கூர்மையாகக் கவனிக்கிறார் என்று நான் வியந்தேன். பெண் திடீரென்று எஞ்சினை நிறுத்தினாள்.

“இன்னா கேட்டுது தம்பி?” என்றார் மிலிட்டரிக்காரர். அவருடைய குரல் தணிந்திருந்தது.

மாமா கண்ணைத் திறந்தார். “சின்னப் பல்சக்கரத்து பேரிங் பூட்ச்சிங்க. சீல் உட்டு, ஆயில் கசிஞ்சி, அது காஞ்சி ஓடி கீது. அதனாலதான் பல்லு தள்ளி உக்காந்துகினு கத்துது. சத்தம் ரொம்ப நாளாவே கீதுங்க. எனக்கு தெரியும். அன்னிக்கு ஒத்துக்க தைரியம் வரல.”

“ம்” என்றார் அவர். எழுந்து கிணற்றடிக்குப் போய்க் கையைக் கழுவினார். சோப்புப் போட்டு, மண் போட்டு, மறுபடி சோப்புப் போட்டு, வெகுநேரம் கழுவினார். எண்ணெய்க் கறை அவ்வளவு இல்லை. பிறகு வந்து பாயில் உட்கார்ந்து அப்பாவிடம், ஆடிக்கு முந்தி நாளை ஒரு நாள் இருக்கிறது, நாளைக்கே தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்றார். அப்பா திகைத்துப்போய், “அவ்ளோ அவசரம் இன்னாங்க, ஆவணியில பொறுமையா...” என்று இழுத்தார். “இல்லீங்க, நாளைக்கே” என்றார் அவர். அம்மா அப்பாவின் முழங்கையை இடித்தாள். அப்பா சரி என்றார். பெண்ணின் அம்மா சர்க்கரை எடுத்துவந்து எல்லார் வாயிலும் போட்டாள். நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன்.

திரும்பும் வழியில் வண்டி மெதுவாகத்தான் போக வேண்டும் என்று உத்தரவு. முள் இருபதைத் தாண்டக் கூடாது. மாமா பாடிக்கொண்டே ஓட்டினார். “பேரிங் கண்டுபுடிச்சதுக்கு பொண்ணு குடுக்கற மனுசன இப்பத்தான் பாக்கறேன்” என்று அப்பா ஓயாமல் சொல்லிக்கொண்டு வந்தார். அம்மா வெளியே பார்த்தபடி முந்தானையைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டேன். புழுதி என்றாள்.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் இருந்தது. முன்பக்கமாக எக்கி மாமாவின் காதில் கேட்டேன்.

“மாமா, அவங்களுக்கு மட்டும் எப்பிடி ரிவர்ஸ் உழுந்துது? மிலிட்டரி தாத்தாவுக்கே உழலயே?”

மாமா ரோட்டைப் பார்த்தபடியே கியரை மாற்றினார்.

“வண்டிக்கு அவங்கள புடிச்சிருக்கு போல” என்றார்.

மறுநாள் காலை, எல்லாரும் தாம்பூலத் தட்டு அடுக்குவதில் மும்முரமாக இருந்தபோது, நான் புதுப் பாவாடையோடு ஜீப்பில் ஏறினேன். கால் எட்டாததால் இருக்கையிலிருந்து சறுக்கி இறங்கி இரண்டு காலாலும் கிளச்சின் மேல் நின்றுகொண்டேன். முதலில் வண்டியின் முகப்பலகையைத் தடவிக் கொடுத்தேன். உன்னைப் பற்றி நோட்டில் நல்லபடியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்றும் சொன்னேன். குச்சியை இடப்பக்கம் தள்ளி, கையை விட்டு, நேற்று அவள் தட்டியது போலவே தட்டினேன். விழவில்லை. இரண்டு கையாலும் தட்டினேன். உள்ளங்கை சிவந்ததுதான் மிச்சம். அதற்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு செய்துகொண்டு, இறங்கி, தேங்காய் எண்ணுகிற இடத்துக்குப் போய் உட்கார்ந்தேன்.